கரண்டுக்கும் தண்ணிக்கும் யார் போடுவது பூட்டு? காவல் காக்க படிப்பு வந்தாச்சு... நம்ம வாட்ச்மேனுக்கு எப்போ?

திண்டுக்கல்:

பூட்டுக்கு பேர் போன ஊர் நம்ம திண்டுக்கல். நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி பக்கம் கையால் அடித்து செய்த பூட்டுகள் எத்தனையோ ஊர் கதவுகளில் தொங்குகின்றன. 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஆனால் சில சமாச்சாரங்களுக்கு இந்த பூட்டெல்லாம் பத்தாது. வீட்டுக்கு வருகிற கரண்ட், குழாயில் வருகிற தண்ணி, ரெயில் தண்டவாளம், செல்போன் டவர், பேங்க் கம்ப்யூட்டர், ஆஸ்பத்திரி. இதில் ஒன்று நின்றால் ஊரே நிற்கும்.

இவற்றை காவல் காப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வெளிநாடுகளில் தனி படிப்பே இருக்கிறது. டிகிரி முடித்தவர்கள் சேருகிற சான்றிதழ் படிப்பு. தமிழில் நீட்டி முழக்கி சொன்னால் 'முக்கிய உள்கட்டமைப்பு பாதுகாப்பு'. கனடா தலைநகர் ஒட்டாவாவில் உள்ள கார்ல்டன் பல்கலைக்கழகம் இதில் முதுநிலை பட்டமே கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் 1998-ம் ஆண்டிலேயே அப்போதைய ஜனாதிபதி கிளிண்டன் இதற்காக ஒரு உத்தரவு போட்டார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு பிறகு அங்கே பல பல்கலைக்கழகங்களில் இந்த பாடம் நுழைந்துவிட்டது.

'அமெரிக்காகாரன் படிப்பு நமக்கு எதுக்குங்க?' என்று கேட்கலாம். கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த படிப்பின் அடிப்படை பாடத்தை எடுத்து பார்த்தால், நம்ம ஊர் மழைக்கால சாயங்காலத்தை பார்த்து எழுதினது மாதிரியே இருக்கிறது.

ஒண்ணு நின்னா இன்னொண்ணும் நிக்கும்

காத்தடிக்கிறது. துணை மின்நிலையத்தில் ஒரு லைன் 'டிரிப்' ஆகிறது. பேன் நிற்கும், லைட் அணையும். அது சின்ன விஷயம். அதே நேரம் நீரேற்று நிலையத்தில் மோட்டாரும் நிற்கும். திண்டுக்கல் நகரம் குடிக்கிற தண்ணி ஆத்தூர் காமராஜர் அணையில் இருந்தும், கரூர் பக்கம் காவிரியில் இருந்தும் வருகிறது. காவிரி தண்ணி தானா நடந்து வராது. மோட்டார் தள்ளினால்தான் வரும். மோட்டார் நின்றால் மேல்நிலை தொட்டி நிறையாது. தொட்டி நிறையாவிட்டால் நாளைக்கு முறை இருக்கிற தெருவுக்கு தண்ணி தள்ளிப்போகும். 'அண்ணே, இன்னிக்காவது தண்ணி வருமா?' என்று குடத்தோடு நிற்கிற அக்காவுக்கு வால்வு திறக்கிறவர் என்ன பதில் சொல்வார்? அவர் கையில் வால்வு சாவிதான் இருக்கிறது, தண்ணி இல்லை.

இன்னொரு பக்கம் செல்போன் டவரில் பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும். அது தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை என்றால் சிக்னல் போய்விடும். சிக்னல் போனால் காய்கறி கடையில் ஒட்டி வைத்திருக்கிற கியூ.ஆர். அட்டை வெறும் அட்டைதான். பாக்கெட்டில் நூறு ரூபாய் நோட்டு வைத்திருக்கிறவர் அன்றைக்கு ராஜா.

2025-ம் ஆண்டு மார்ச் 26-ந்தேதியும், ஏப்ரல் 12-ந்தேதியும் நாடு முழுக்க யு.பி.ஐ. தடுமாறியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு கரண்ட் இருந்தது. சிக்னலும் இருந்தது. பணம் கைமாறுகிற இடத்தில்தான் கோளாறு. டீ குடித்துவிட்டு காசு கொடுக்க முடியாமல் அசடு வழிந்து நின்றவர்கள் எத்தனை பேர்!

தூத்துக்குடி மாவட்டம் இதைவிட கொடுமையை பார்த்தது. 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித்தீர்த்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றது. தண்டவாளத்துக்கு கீழே மண்ணே இல்லை. கரண்ட் போய், போனும் போய், வீட்டுக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் வெளியூரில் இருந்தவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

எந்த கண்ணி முதலில் அறும், அறுந்தால் அடுத்து எது விழும், சரி செய்யும்போது முதலில் எதை தூக்கி நிறுத்துவது? ஆஸ்பத்திரிக்கா, தண்ணி மோட்டாருக்கா, டவருக்கா, எதற்கு முதலில் கரண்ட் கொடுப்பது? இதை கணக்கு போட்டு முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் அந்த படிப்பின் உயிர்நாடி. துப்பாக்கியோடு கேட்டில் நிற்பது அப்புறம்தான் வருகிறது.

தானாக நகர்ந்த மவுஸ்

உக்ரைன் நாட்டில் நடந்ததை இந்த துறையில் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளாமல் இருக்க மாட்டார்கள். 2015-ம் ஆண்டு டிசம்பர் 23-ந்தேதி. 3 மின்வினியோக கம்பெனிகள் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன. கண்ட்ரோல் ரூமில் இருந்த ஊழியரின் கண் முன்னாலேயே கம்ப்யூட்டரில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. அவர் தொடவே இல்லை. ஒவ்வொரு சுவிட்சாக 'ஆப்' ஆனது. சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் இணைப்புகளுக்கு கரண்ட் போனது. நடுங்கும் பனிக்காலம் வேறு. புகார் சொல்லலாம் என்று போன் போட்டால் அதுவும் கிடைக்கவில்லை. பொய் அழைப்புகளாக விட்டு புகார் மையத்தையும் அடைத்துவிட்டார்கள்.

எப்படி உள்ளே புகுந்தார்கள்? பல மாதங்களுக்கு முன்பே ஆபீஸ் ஊழியர்களுக்கு ஒரு இ-மெயில் வந்திருக்கிறது. அதில் ஒட்டியிருந்த பைலை யாரோ திறந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். உள்ளே வந்த திருடன் மாதக்கணக்கில் சத்தம் போடாமல் உட்கார்ந்து எந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டான்.

நம்ம ஆட்கள் கவனிக்க வேண்டியது இதற்கு அப்புறம் நடந்ததை. போன கரண்ட் எப்படி திரும்பி வந்தது? கம்ப்யூட்டரை நம்பி உட்கார்ந்திருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்குமோ தெரியாது. ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கே நேரில் போய் கையால் பிரேக்கரை போட்டார்கள். சில மணி நேரத்தில் லைட் எரிந்தது. உலகமே பேசுகிற 'சைபர்' தாக்குதலை கடைசியில் சரி செய்தது கை வேலை தெரிந்த ஆட்கள்!

டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியிலும் கிட்டத்தட்ட இதே கதை. 2022 நவம்பர் 23-ந்தேதி அங்கே சர்வர்கள் முடக்கப்பட்டன. நாள்கணக்கில் பேப்பரும் பேனாவும்தான் ஓ.பி. சீட்டு போட்டன. பழைய முறையை மறக்காத ஊழியர்கள் இருந்ததால் ஆஸ்பத்திரி ஓடியது.

கூடங்குளத்தில் என்ன நடந்தது?

தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், கூடங்குளம் அணுமின் நிலைய கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டதாக இணையத்தில் தகவல் பரவி பரபரப்பு ஏற்பட்டது. முதலில் நிலையத்தின் தரப்பில் மறுத்தார்கள். மறுநாளே, அதாவது அக்டோபர் 30-ந்தேதி, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ந்தேதியே இதுபற்றி மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான 'செர்ட்-இன்' தகவல் கொடுத்திருந்தது தெரியவந்தது. நிர்வாக வேலைக்கு, இன்டர்நெட்டோடு இணைத்து வைத்திருந்த ஒரு ஊழியரின் கம்ப்யூட்டரில்தான் வைரஸ் இருந்தது, அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனியாக இருப்பதால் அவற்றுக்கு பாதிப்பு இல்லை என்று விளக்கம் கொடுத்தார்கள்.

தனியாக பிரித்து வைத்தது நல்ல வேலை. அதை பாராட்டலாம். ஆனால் ஜனங்களுக்கு உண்மையை சொல்ல 2 மாதம் ஆனதும், முதலில் 'இல்லவே இல்லை' என்றதும் எந்த பாதுகாப்பு பாடத்திலும் சேராது. வதந்தி கிளம்பினால் கூட்டத்தை யார் கட்டுப்படுத்துவது?

அணுமின் நிலையத்தின் வாசலில் காவல் நிற்பது மத்திய தொழிற்பாதுகாப்பு படை, அதாவது சி.ஐ.எஸ்.எப்.; 1969-ல் தொடங்கிய படை. விமான நிலையம், துறைமுகம் எல்லாம் இவர்கள்தான். அரக்கோணம் பக்கம் தக்கோலத்தில் இவர்களுக்கு பெரிய பயிற்சி மையம் இருக்கிறது. 2025 மார்ச் மாதம் அதற்கு சோழ இளவரசர் ராஜாதித்தன் பெயரை வைத்தார்கள். ஆக, வாசலுக்கு ஆள் இருக்கிறது, பயிற்சியும் இருக்கிறது. வைரஸ் வாசல் வழியாக வருவதில்லை என்பதுதான் பிரச்சினை.

பினா-குவாலியர் லைனும் நம்ம மில்லும்

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவே இருட்டில் மூழ்கியது. இரண்டாவது நாள் சுமார் 62 கோடி பேர் வாழும் பகுதி பாதிக்கப்பட்டது. மேற்கு வங்கத்தில் நிலக்கரி சுரங்கத்துக்குள் சுமார் 200 தொழிலாளர்கள் சிக்கி, பிறகு பத்திரமாக மேலே வந்தார்கள். எந்த தீவிரவாதியும் காரணம் இல்லை. மத்திய பிரதேசத்தில் பினா-குவாலியர் என்ற ஒரு லைனில் சுமை ஏறிப்போய் அது விழ, அடுத்தடுத்து எல்லாம் விழுந்தது.

அன்றைக்கு திண்டுக்கல்லில் அது தெரியவே இல்லை. (நமக்கு அப்போது வேறு காரணத்தால் தினமும் மின்வெட்டு இருந்தது, அது தனி சோகக்கதை. மில்லில் ஷிப்டு போனவர்களை கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.) தெற்கு மின்தொகுப்பு அப்போது வடக்கோடு முழுமையாக சேரவில்லை. 2013 டிசம்பர் 31-ந்தேதி ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியாக சேர்த்தார்கள். அதற்கு அப்புறம் நாடு முழுவதும் ஒரே தொகுப்பு. நமக்கு பற்றாக்குறை வந்தால் வடக்கே இருந்து கரண்ட் வாங்கலாம், அது லாபம். அங்கே ஒரு லைன் விழுந்தால் அதன் அதிர்ச்சியும் இதே கம்பி வழியாகத்தான் வரும். வேடசந்தூர் நூல் மில்லில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற பெண்ணுக்கும் மத்திய பிரதேசத்தில் எங்கோ நிற்கிற டவருக்கும் சம்பந்தம் உண்டு!

கம்ப்யூட்டர் இல்லாமலும் வரும் ஆபத்து

எல்லாத்துக்கும் வைரஸையே குறை சொல்ல முடியாது. 2024 அக்டோபர் 11-ந்தேதி கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் சரக்கு ரெயில் மீது மோதியது. தண்டவாள பாகங்கள் கழற்றப்பட்டிருந்ததாக வந்த தகவலால் நாசவேலை என்ற கோணத்தில் விசாரணை போனது. அங்கே பேச்சு முழுவதும் போல்ட், நட்டு பற்றித்தான். 2025 ஜூலை 8-ந்தேதி கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரெயில் மோதி 3 பிள்ளைகள் இறந்தார்கள். கேட் மூடாமல் சிக்னல் விழாதபடி இணைக்கும் 'இன்டர்லாக்' அந்த கேட்டில் இல்லை. அதற்கு பிறகுதான் கேட்டுகளுக்கு கேமரா, இன்டர்லாக் என்று உத்தரவு பறந்தது. முக்கொம்பில் 2018 ஆகஸ்டு 22-ந்தேதி 9 மதகுகள் அடித்துச்செல்லப்பட்டதே, அது 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய அணை. அங்கே எதிரி, வயசு.

நம்ம ஊரிலேயே 2024 டிசம்பர் 12-ந்தேதி ராத்திரி திருச்சி ரோட்டில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் தீப்பிடித்தது. ஒரு குழந்தை உள்பட 6 பேர் பலியானார்கள். லிப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை தீயணைப்பு வீரர்கள் மீட்டார்கள் என்ற செய்தியை படித்தபோது வயிறு கலங்கியது. மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. தீப்பிடித்தால் லிப்டில் ஏறக்கூடாது. பள்ளிக்கூடத்து பிள்ளைகளுக்கு சொல்லித்தருகிற பாடம்தான். ஆனால் புகை சூழ்ந்த இருட்டில், நோயாளியோடு தவிக்கிற குடும்பத்துக்கு அது ஞாபகம் வருமா? 'இந்த பக்கம் வாங்க, படி இங்கே இருக்கு' என்று கையை பிடித்து கூட்டிப்போக, பயிற்சி பெற்ற ஒரு ஆள் ஒவ்வொரு மாடியிலும் வேண்டும். அந்த ஆள் எம்.டெக். படித்திருக்க வேண்டியதில்லை.

சட்டம் இருக்கு, வகுப்பு எங்கே?

மேலே பார்த்தால் சட்டத்துக்கு குறைச்சல் இல்லை. முக்கிய கம்ப்யூட்டர் அமைப்புகளை காப்பதற்கென்றே 2014 ஜனவரியில் மத்திய அரசு தேசிய மையம் ஒன்றை அமைத்தது. 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அறிவித்த கம்ப்யூட்டருக்குள் அத்துமீறி நுழைந்தால் தகவல் தொழில்நுட்ப சட்டப்படி 10 ஆண்டு வரை ஜெயில். தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரலில் செர்ட்-இன் உத்தரவு போட்டது. மின்துறைக்கு 2021-ல் தனி வழிகாட்டுதல் வந்தது. கம்ப்யூட்டர் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு பயிற்சி கட்டாயம் என்கிறது அது.

கீழே வந்தால்தான் சிக்கல். வாட்ச்மேனுக்கும் சட்டம் இருக்கிறது என்று எத்தனை பேருக்கு தெரியும்? தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டம், 2005-ம் ஆண்டு வந்தது. அதற்கு மத்திய அரசு 2006-ல் போட்ட மாதிரி விதிகளில், செக்யூரிட்டி வேலைக்கு வருகிறவருக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி, குறைந்தது 20 வேலை நாள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தை சமாளிப்பது, வெடிபொருளை அடையாளம் காண்பது எல்லாம் பாடத்தில் உண்டு. நல்ல பாடத்திட்டம்தான்.

இப்போது ஒரு ஏ.டி.எம். வாசலிலோ, ஆஸ்பத்திரி வாசலிலோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற பெரியவரிடம் போய், '160 மணி நேரம் பயிற்சி எடுத்தீங்களா ஐயா?' என்று கேட்டு பாருங்கள். யூனிபார்மும் விசிலும் கொடுத்திருப்பார்கள். தீயணைப்பு சிலிண்டரை எப்படி திறப்பது என்று காட்டியிருப்பார்களா? பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டருக்கு, தொட்டி மூடி உடைந்து கிடந்தால் யாருக்கு போன் போடுவது என்று சொல்லியிருக்கிறார்களா? டிரான்ஸ்பார்மரை உடைத்து காப்பர் கம்பி திருடுகிற செய்தி அடிக்கடி வருகிறது. அந்த டிரான்ஸ்பார்மரை தினமும் கடந்து போகிற ஒப்பந்த தொழிலாளிக்கு சந்தேகம் வந்தால், யாரிடம் சொல்வது? சொன்னால் 'உனக்கெதுக்கு இந்த வேலை' என்று திட்டு விழாமல் இருக்குமா? சம்பளம் குறைச்சல், வேலை நிரந்தரம் இல்லை, இதில் ஊர் தண்ணிக்கு காவல் அவர்தான்.

மேலே ஒரு இன்ஜினீயர் வெளிநாட்டு சான்றிதழை பிரேம் போட்டு மாட்டிவிட்டு, கீழே கேட்டில் நிற்கிறவருக்கு ஒரு நாள் வகுப்புகூட இல்லை என்றால், அது மாங்காய் பூட்டை கொண்டுபோய் தட்டிக் கதவில் மாட்டின கதை. படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ரெண்டு பக்கமும் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மாவட்டத்தையும் ஒரு கை பார்த்துவிட்டு போனது. டெல்டாவில் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்த பல மாவட்டங்களில் இருந்து மின்ஊழியர்கள் போய் இடுப்பளவு தண்ணியில் நின்றார்கள். அவர்கள் அனுபவத்தை ஒரு பாடப்புத்தகமாக்கி, ஐ.டி.ஐ. வயர்மேன், எலக்ட்ரீசியன் பிரிவுகளில் சொல்லிக்கொடுத்தால் கனடாவில் இருந்துகூட வந்து படிப்பான். 2022 மார்ச் 1-ந்தேதி தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி பிள்ளைகளுக்கு எத்தனையோ திறன் பயிற்சி கொடுத்தார்கள். இப்படிப்பட்ட பயிற்சிகளில் இதையும் ஒரு பாடமாக சேர்க்க பெரிய செலவு ஆகாது. இன்ஜினீயரிங் கல்லூரிகளும், காந்திகிராம பல்கலைக்கழகமும் இருக்கிற மாவட்டம் இது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று யாரும் சாக்கு சொல்ல முடியாது.

எங்கே படிக்கலாம்?

நம்ம பிள்ளைகள் இந்த துறைக்கு போக விரும்பினால் வழி இருக்கிறது. பெயர்தான் வேறு. பி.இ. முடித்தவர்களுக்கு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 6 மாத முதுநிலை டிப்ளமோ நடத்தி வருகிறது. ஐ.டி. உள்கட்டமைப்பும் அதன் பாதுகாப்பும்தான் பாடம். பெங்களூரு, திருவனந்தபுரம் போன்ற ஊர்களில் நடக்கிறது. இதற்கு 'சி-கேட்' என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் முக்கிய உள்கட்டமைப்புகளை சைபர் தாக்குதலில் இருந்து காப்பதற்கென்றே ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மின்துறைக்காரர்களுக்கு நெய்வேலியில் தேசிய மின்பயிற்சி நிறுவனம்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும் என்றால் இக்னோ திறந்தநிலை பல்கலைக்கழகத்தில் பேரிடர் மேலாண்மை, தகவல் பாதுகாப்பு டிப்ளமோக்கள் உண்டு. ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு 2 தடவை சேர்க்கை. மண்டல அலுவலகம் மதுரையில் இருக்கிறது. ஐ.ஐ.டி.கள் நடத்தும் 'என்.பி.டி.இ.எல்.' இணைய வகுப்பில் பாடம் இலவசம், பரீட்சை எழுதினால் மட்டும் கட்டணம்.

பத்தாவது முடித்தவர்களுக்கு சி.ஐ.எஸ்.எப். உள்ளிட்ட மத்திய படைகளின் காவலர் தேர்வு இருக்கிறது. முன்பு இந்தி, ஆங்கிலத்தில் மட்டும்தான் கேள்வித்தாள். 2024-ம் ஆண்டு தேர்வில் இருந்து தமிழிலும் எழுதலாம். எஸ்.எஸ்.சி. அறிவிப்பு வரும்போது வயது வரம்பு, உடல்தகுதி விவரங்களை பார்த்து, ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும்.